மீரிகமவில் 64 ஏக்கர், பல்கணியில் ஒரு தொட்டி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சொந்தமாக ஒரு துண்டுக் காணி என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகிவிட்டது. தொடர்மாடி மனைகளின் பல்கணிகளில் துளசியும் கற்பூரவள்ளியும் கறிவேப்பிலையும் தொட்டிகளிலேயே வளர்கின்றன. அத்தொட்டிகளுள் ஒன்றில் கஞ்சாச் செடி ஒன்று முளைத்து நிற்குமாயின், அதனை வளர்த்தவர் குற்றவாளியாகின்றார். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம், அனுமதியின்றி இச்செடியைப் பயிரிடுவதைத் தடைசெய்கின்றது. விற்பதற்காக வளர்த்தாரா, வேடிக்கைக்காக வளர்த்தாரா என்பது தண்டனையின் அளவை மாற்றலாமேயன்றிக் குற்றத்தை இல்லாமற் செய்துவிடாது.

இந்த நிலையில், கம்பஹா மாவட்டத்தின் மீரிகமவில் முதலீட்டுச் சபையின் வலயத்தில் 64 ஏக்கர் நிலத்தை ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கைக்கு ஒதுக்கி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் எழுவருக்கு அனுமதி வழங்கும் முடிவை அரசாங்கம் 2025ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆயுர்வேதத் திணைக்களத்தின் மேற்பார்வையில், செடியின் எந்தப் பகுதியும் உள்நாட்டுச் சந்தைக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையுடன் இது நடைபெறும் எனக் கூறப்பட்டது. இதற்கான விதை, 2022 நவம்பரில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்திலேயே போடப்பட்டுவிட்டது. ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கை குறித்து ஆராய நிபுணர் குழுவொன்றை அமைக்கும் யோசனை அதில் இடம்பெற்றிருந்தது.

ஒரே செடி. ஒருபுறம் அந்நியச் செலாவணி, மறுபுறம் விலங்கும் சிறைக்கூடமும். இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுவதனால் நாம் கஞ்சாப் பாவனைக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ணிவிடலாகாது. எமது சமூகங்களின் இளைஞர்களைப் போதை எவ்வாறு அரித்துவருகின்றது என்பதை நன்கறிந்தே நாம் இதனை எழுதுகின்றோம். ஆயினும், சட்டம் அஞ்சப்படுவதற்கு முன்னர் மதிக்கப்படவேண்டும். காரணம் விளங்காத சட்டத்தை மக்கள் மதிப்பதில்லை.

முதலில் களநிலையை நோக்குவோம். நீண்ட காலமாக இந்நாட்டில் கஞ்சா இரு வழிகளில் கிடைத்துவந்தது. மொனராகலை, அம்பாந்தோட்டை போன்ற உலர்வலய மாவட்டங்களின் காடுகளில் இரகசியமாகச் செய்கை பண்ணப்பட்டது ஒன்று. பாக்கு நீரிணையைக் கடந்து மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரைகளிலும் இறக்கப்படும் "கேரள கஞ்சா" மற்றொன்று. பெயர் கேரளத்தினுடையதாயினும் அதிற் பெரும்பங்கு ஆந்திர - ஒடிசா எல்லை மலைப்பகுதிகளில் விளைவது என்பது இந்திய அதிகாரிகள் அறிந்த விடயமே. 2022 ஜூன் மாதம் தாய்லாந்து கஞ்சா மீதான தடையை நீக்கியதன் பின்னர் மூன்றாவது வழியொன்று திறந்துகொண்டது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் "குஷ்" எனப்படும் வீரியம் மிக்க கஞ்சா பயணப் பெட்டிகளிலிருந்து அடிக்கடி கைப்பற்றப்படலாயிற்று. 2025 மே மாதத்தில் பாங்கொக்கிலிருந்து வந்த இளம் பிரித்தானியப் பெண் ஒருவரின் பெட்டிகளில் 46 கிலோகிராம் குஷ் இருந்ததாகச் சுங்கத்தினர் தெரிவித்தமை உலகச் செய்தியாயிற்று.

நான்காவது வழி, வீட்டுக்குள் வளர்ப்பது. பூட்டிய அறையில் மின்விளக்கின் கீழ்ச் செடி வளர்த்தோர் கைதாகும் செய்திகளை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இவர்களில் வியாபாரிகளும் உண்டு. கலப்படமற்ற "பாரம்பரிய இண்டிகா" விதையைத் தேடிப் பெற்று, செடிகளைத் தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்வதை ஒரு தோட்டக்கலையாகக் கருதும் இளைஞர்களும் உலகெங்கும் உள்ளனர். கைத்தொலைபேசியிற் பார்த்ததைச் செய்துபார்க்கத் துணியும் எமது பிள்ளைகளுக்கு இது விபரீதமாகத் தோன்றாமற் போகலாம். ஆகவே, இந்த "இண்டிகா" என்பதன் வரலாற்றைச் சற்று விளங்கிக்கொள்வது அவசியமாகின்றது.

1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஐரோப்பிய நார்ச்செடிக்குக் கன்னபிஸ் சட்டைவா எனப் பெயரிட்டார். 1785இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க், இந்தியாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைப் பார்த்து, போதை தரும் இச்செடி வேறொன்று எனக் கொண்டு அதற்கு இண்டிகா என்று பெயர் வைத்தார். அதாவது, இண்டிகா என்ற சொல் எமது பிராந்தியத்தின் செடிக்கு இடப்பட்ட பெயர். ஆனால் இன்றைய சந்தையில் அச்சொல், ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைச்சாரலைச் சேர்ந்த அகன்ற இலையுடைய குட்டைச் செடியையே குறிக்கின்றது. "குஷ்" என்ற பெயரும் அம்மலையிலிருந்து வந்ததே. 2021இல் நேச்சர் பிளாண்ட்ஸ் என்னும் ஆய்விதழில் வெளியான ஆய்வொன்று, விற்பனைக்கு வரும் செடிகளின் சட்டைவா, இண்டிகா என்ற முத்திரைகள் அவற்றின் மரபணு உறவோடு பெரிதும் பொருந்துவதில்லை எனக் காட்டியது. "அசல் பாரம்பரிய விதை" என்ற விளம்பரத்தை நம்புவோர் இதனை மனதிற் கொள்ளவேண்டும். குஷ் என்ற பெயரிலும் குழப்பம் உண்டு. 2024 ஏப்ரலில் சியராலியோன் அரசு தேசிய அவசரநிலை பிரகடனம் செய்யக் காரணமான குஷ், இரசாயனங்கள் சேர்ந்த கொடிய கலவையாகும். அது வேறு, தாய்லாந்திலிருந்து வருவது வேறு.

வேறாயினும் பின்னையதும் தீங்கற்றதன்று. இனவிருத்தியாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தது போதைதரும் டிஎச்சி எனும் பொருளின் அளவைக் கூட்டுவதற்காகவே. அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995இல் சராசரி 4 சதவீதமாக இருந்த அப்பொருள் அண்மைக்காலத்தில் 15 சதவீதத்தை எட்டியது. 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஆய்வு, ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடத்தப்பட்டது. வீரியமிக்க கஞ்சாவை நாள்தோறும் பாவிப்போரிடையே உளப்பிறழ்வு ஏற்படும் வாய்ப்பு, ஒருபோதும் பாவியாதோரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என அது கண்டது. வீட்டிலே வளர்ந்தது, உரமிடாதது, நாட்டு விதை என்பனவெல்லாம் பதின்ம வயதுப் பிள்ளையின் மூளைக்குப் பாதுகாப்பாகிவிட மாட்டா.

தீங்கு உண்டு என்பதனால் எந்தத் தண்டனையும் நியாயமாகிவிடுமா என்பதே அடுத்த வினா. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 2019இல் நடத்திய அளவீடு, நாட்டில் சுமார் 3 இலட்சம் பேர் கஞ்சா பாவிப்பதாக மதிப்பிட்டது. இவர்கள் அனைவரையும் சிறையிலடைக்க எந்த அரசாலும் முடியாது. தண்டனை பெற்றுச் சிறை செல்வோரிற் பாதிக்கு மேற்பட்டோர் போதைப்பொருள் வழக்குகளைச் சேர்ந்தவர்களாகவே அண்மைய ஆண்டுகளில் இருந்துவந்துள்ளனர். சிறைச்சாலைகளோ கொள்ளளவைப் பலமடங்கு மீறி நிரம்பி வழிகின்றன. 2023 டிசம்பரில் ஆரம்பமான "யுக்திய" நடவடிக்கையிற் குறுகிய காலத்திற்குள் பல்லாயிரவர் கைதானமையும், 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதனைக் கண்டித்தமையும் மறக்கத்தக்கனவல்ல. 2025 ஒக்டோபர் 30ஆந் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க "முழு நாடும் ஒன்றாக" என்ற தேசிய வேலைத்திட்டத்தை ஆரம்பித்துவைத்தார். பெரும் கடத்தற்காரர்களை நோக்கிய நடவடிக்கை எதுவாயினும் அதனை நாம் வரவேற்கின்றோம். வலையில் நெத்தலியும் சூடையும் மாத்திரம் சிக்கி, சுறாக்கள் தப்பிவிடலாகாது என்பதே எமது கவலை.

கொழும்பின் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு இதிலே தனியானதொரு வேதனையும் உண்டு. மத்திய கிழக்கில் வேலை, கனடாவில் உறவு, அவுஸ்திரேலியாவிற் படிப்பு என எமது குடும்பங்களின் எதிர்காலம் கடல் கடந்து நிற்கின்றது. அதற்கான வாசலிற் கேட்கப்படுவது பொலிஸ் நற்சான்றிதழ். பத்தொன்பது வயதில் ஒரு செடிக்காகப் பெற்ற தண்டனை முப்பது வயதிலும் அவ்வாசலை அடைத்துவிடக்கூடும். இந்த அச்சத்தினாலேயே பெற்றோர் பிள்ளையின் பழக்கத்தை வைத்தியரிடம் சொல்லாமல் மூடி மறைக்கின்றனர். திருத்தக்கூடிய வயதிற் கிடைக்கவேண்டிய உதவி கிடைக்காமற் போகின்றது.

சுதேச வைத்தியத்தின் நிலையும் இதனோடு தொடர்புடையதே. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி முறைகளையும் தன்னுள் அடக்குகின்றது. பதிவுபெற்ற சுதேச வைத்தியர்கள் மருந்து செய்வதற்காகக் கஞ்சாவையும் அபினையும் பெற்றுக்கொள்ள அது வழிசெய்துள்ளது. ஆனால் நடைமுறையில் அவர்களுக்கு வழங்கப்பட்டுவந்தது நீதிமன்ற வழக்குகளிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவே. எங்கோ விளைந்து, எப்படியோ பதப்படுத்தப்பட்டு, வழக்கு முடியும்வரை சாக்கிற் கிடந்த சரக்கிலிருந்து தரமான மருந்தை எதிர்பார்க்க முடியுமா? இக்குறையைப் போக்க இங்கிரியவில் 100 ஏக்கரில் அரசே பயிரிடும் என அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அறிவித்திருந்தார். இப்போது மீரிகமவில் விளையப்போவதும் ஏற்றுமதிக்கே. உள்ளூர் வைத்தியருக்கு அதில் ஓர் இலையும் இல்லை. மறுபுறத்தில் மருந்தின் பெயரால் "மதன மோதகம்" பெட்டிக்கடைகளிலும் பாடசாலை மாணவரின் கைகளிலும் புழங்குவதைத் தடுக்க அதிகாரிகள் படும்பாட்டையும் காண்கின்றோம். முறையான வழி அடைபட்டிருப்பதும் முறைகேடான வழி திறந்திருப்பதும் ஒரே நிர்வாகத்தின் இரு பக்கங்களாகும்.

மார்க்கத்தின் நிலைப்பாடு தெளிவானது. அறிவை மயக்கும் அனைத்தும் விலக்கப்பட்டவை என்ற நபிமொழியின் அடிப்படையில், கஞ்சாவும் தடுக்கப்பட்டதே என இமாம் இப்னு தைமிய்யா உள்ளிட்ட அறிஞர்கள் கூறினர். பதினான்காம் நூற்றாண்டில் இமாம் ஸர்கஷி இதற்கெனத் தனி நூலே இயற்றினார். அதேவேளை, செடியையும் அதனைப் போதைக்காகப் பாவிப்பதையும் வேறுபடுத்தி நோக்கியவர்களும், மருத்துவத் தேவையைத் தனியே ஆராய்ந்தவர்களும் அவ்வறிஞர் மரபிலே உண்டு. பாவம், குற்றம், நோய் ஆகிய மூன்றும் மூன்று வேறு விடயங்கள். பாவத்திற்குப் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் வழிகாட்டட்டும். நோய்க்கு வைத்தியசாலை வேண்டும். குற்றத்திற்கே நீதிமன்றம்.

உலக அனுபவம் எமக்கு இருபக்கப் பாடங்களையும் தருகின்றது. பிரித்தானிய இந்திய அரசு 1893-94இல் அமைத்த ஆணைக்குழு ஆயிரத்திற்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முற்றான தடையை விடக் கட்டுப்பாடும் வரியுமே உகந்தவை எனப் பரிந்துரைத்தது. 1845இலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியக் கூலித் தொழிலாளர்களுடன் "கஞ்சா" என்ற சொல்லும் அங்கே சென்றது. அந்நாடு 2015இல் சட்டத்தைத் திருத்தி, வீடொன்றுக்கு ஐந்து செடிகள்வரை வளர்ப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஜேர்மனி 2024 ஏப்ரல் முதல் வளர்ந்தோருக்கு மூன்று செடிகளை அனுமதித்தது. ஆனால் தடைநீக்கத்தை முன்யோசனையின்றிச் செய்த தாய்லாந்து, தெருவெங்கும் கடைகள் முளைத்த பின்னர் 2025 ஜூனில் வைத்தியரின் பத்திரமின்றி விற்கலாகாது எனப் பின்வாங்க நேரிட்டது. கதவை முழுவதும் திறப்பதும் முழுவதும் அடைப்பதும் தவிர நடுவழியொன்று உண்டு என்பதே இவற்றின் சாரம்.

வீட்டில் வளர்ப்பதை இன்றே சட்டபூர்வமாக்குமாறு நாம் கோரவில்லை. நெருக்கமான தொடர்மாடிகளும் பலவீனமான கண்காணிப்பும் உள்ள எமது நகரில் அது பிள்ளைகளின் கைக்கெட்டும் தூரத்திற் போதையை வைப்பதாகிவிடும். ஆனால் மூன்று விடயங்களை அரசாங்கம் தாமதமின்றிச் செய்யவேண்டும். விற்பனை நோக்கமின்றி ஓரிரு செடிகளுடன் முதன்முறை பிடிபடும் இளைஞரைக் கடத்தற்காரரிலிருந்து சட்டம் பிரித்தறிய வேண்டும். ஆலோசனை, சிகிச்சை, அபராதம் என்பவற்றோடு அவ்விடயம் முடிந்து, குறித்த காலத்தின் பின் அவரது பதிவும் நீங்கவேண்டும். இரண்டாவதாக, மீரிகமவில் ஏற்றுமதிக்கு விளையுமாயின், அதே கண்காணிப்பின் கீழ்ச் சுதேச வைத்தியத்திற்கும் தரமான மூலப்பொருளை விளைவிக்க வேண்டும். மூன்றாவதாக, இம்மண்ணின் நாட்டு இனங்களை அழியுமுன் சேகரித்துக் கன்னொறுவையின் தாவர மரபணு வள நிலையத்தில் அரசே பாதுகாக்க வேண்டும். இச்செடியில் ஆணும் பெண்ணும் வேறு. காற்று மகரந்தத்தைப் பல கிலோமீற்றர் தூரம் சுமந்து செல்லும். வெளிநாட்டுக் கலப்பினங்கள் பரவிய பின் நாட்டு இனத்தைத் தேடுவது பயனற்றது. பச்சைப்பெருமாளையும் மொட்டைக்கறுப்பனையும் கைவிட்டுவிட்டுப் பின்னர் அவற்றின் நெல்மணிகளைத் தேடியலைந்த அனுபவம் எமக்குண்டு. விதையைக் காக்கும் பொறுப்பு அரசுடையதாக இருந்தால், அதன் பெயரால் எந்த இளைஞனும் வீட்டில் அபாயத்தை வளர்க்கும் நியாயம் இராது.

முதலீட்டாளரின் 64 ஏக்கரைப் பொருளாதாரம் என்றும், பல்கணியின் ஒற்றைத் தொட்டியைப் பாரதூரமான குற்றம் என்றும் மாத்திரம் பார்க்கும் அரசு, தான் ஏன் அவ்வாறு பார்க்கின்றது என்பதை மக்களுக்கு விளக்கக் கடமைப்பட்டுள்ளது. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பூட்டிய அறைக்குள் பிள்ளை என்ன வளர்க்கின்றான் என்பதைப் பொலிஸார் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். கதவைத் தட்டி, அருகிலமர்ந்து கேளுங்கள்.