சிறுநீரகம் காப்போம்



மண்ணூரிலிருந்து ஒரகடத் தொழிற்சாலைகளுக்குப் புறப்படும் பிள்ளையின் பையில் சாப்பாட்டு டப்பாவை வைக்கிறீர்கள். தண்ணீர் பாட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெப்பத்தில் வியர்வை பெருகி, பருகும் நீர் குறைந்தால் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. சிறுநீர் அடர்ந்து கல்லும் உண்டாகலாம். 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்ந்தபோது, 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது.

சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்குமளவு தண்ணீர் பருகுவது நல்லது. உப்பிடாத மோர், வெள்ளரி, சுரைக்காய், வாழைத்தண்டு ஆகியன உணவில் இடம்பெறட்டும். எலுமிச்சையிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்க உதவும். உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறையுங்கள்.

ஆனால், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுற்றவருக்கு இம்முறை பொருந்தாது. இளநீரிலுள்ள பொட்டாசியம் அவரது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். தண்ணீரின் அளவையும் மருத்துவரே கூறவேண்டும். கேரளத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்க எண்ணி இலும்பன்புளிச் சாறு குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013-இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். இயற்கையானது என்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது.

நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளோர் ஆண்டுக்கொருமுறை இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். எந்தக் கஷாயத்தினும் அது மேலானது.