பெட்டி இல்லாத லேசருக்குத் தறி வீட்டில் என்ன வேலை?

வீட்டிலேயே லேசர் செதுக்கும் மெஷின் வைத்துக்கொள்வது இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை. இணையத்தில் ஆர்டர் போட்டால் அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிறது. நாலு அலுமினியச் சட்டம், இரண்டு மூன்று மோட்டார், நடுவில் கைக்கு அடக்கமான ஒரு லேசர் தலை. ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்து பட்டனை அமுக்கினால், மரப்பலகையில் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிடுவார். வீடியோக்களில் இவ்வளவுதான் காட்டுகிறார்கள். "வீட்டிலிருந்தே வருமானம்", "பசங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு" என்று தலைப்பு வேறு!

இதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. மெஷின் வேலை செய்யும் என்பது உண்மைதான். அது ஒரு பொம்மை என்பதுதான் பொய். திறந்த சட்டத்தில் ஓடும் லேசர், மனிதர்கள் புழங்கும் வீட்டுக்குள் வைக்கக்கூடிய சாமானே அல்ல. அதுவும் காஞ்சிபுரம் மாதிரி, வீடேதான் தொழிற்கூடம் என்றிருக்கும் ஊரில் கூடவே கூடாது. முதலில் பெட்டி, அப்புறம்தான் மெஷின். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கட்டுரை. அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம் :-)

கொஞ்சம் கணக்கு

வகுப்பில் வாத்தியார் சுவரில் காட்டும் லேசர் பாயிண்டர் 5 மில்லிவாட்டுக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். அதையே கண்ணில் அடிக்காதே என்று எச்சரிக்கை ஒட்டியிருக்கும். வீட்டு லேசரில் சாதாரணமாகக் கிடைப்பது 10 வாட். அதாவது 10,000 மில்லிவாட். பாயிண்டரைப்போல 2,000 மடங்கு!

ஐ.இ.சி. 60825 என்ற சர்வதேசத் தரம் லேசர்களை ஆபத்தைப் பொறுத்து வகை பிரிக்கிறது. 0.5 வாட்டைத் தாண்டினால் நாலாம் வகை. அதற்கு மேல் வகையே கிடையாது. நாலாம் வகைக்கு என்ன அர்த்தம்? நேராக விழும் கதிர் மட்டுமல்ல, பொருளில் பட்டுச் சிதறி வரும் ஒளியும் பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் கெடுக்கலாம், தோலைச் சுடலாம், தீ வைக்கலாம் என்று அர்த்தம். அதே லேசரை, மூடியைத் திறந்தால் தானாக அணைந்துவிடும் பெட்டிக்குள் முறையாக அடைத்துவிட்டால் முழு மெஷினும் ஒன்றாம் வகை ஆகிவிடும். சி.டி. பிளேயர் மாதிரி. உள்ளே இருப்பது அதே லேசர்தான். வித்தியாசம் முழுக்கப் பெட்டியில்தான் இருக்கிறது.

விளம்பரத்தின் இன்னொரு தில்லுமுல்லையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெட்டி மேல் "40 வாட்" என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது மெஷின் இழுக்கும் மின்சாரமாகக்கூட இருக்கும். வெளியே வரும் ஒளி 5 வாட்தான் தேறும். வாங்குபவர் கேட்க வேண்டியது ஒளியின் வாட்டை.

யாருடைய கண்?

இந்தச் சின்ன மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது 450 நானோமீட்டர் நீல ஒளி. கண்ணுக்குத் தெரியும் ஒளி என்பதால் கருவிழியைத் தாண்டி நேராக விழித்திரையில் போய்க் குவியும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டாலும் கத்தாது. மனிதன் கண் சிமிட்டக் கால் விநாடி ஆகும். நாலாம் வகை லேசருக்குக் கால் விநாடி என்பது தாராளமான நேரம். சுட்ட இடம் திரும்ப முளைப்பதும் இல்லை.

இப்போது பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீளமான, குறுகலான வீடு. கூடத்தை அடைத்துக்கொண்டு தறி. குழித்தறி என்றால் நெசவாளி குழிக்குள் காலை விட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார். கோர்வைச் சேலை என்றால், கரைக்குத் தனி நாடா வீச உதவிக்கு இன்னொருவரும் பக்கத்தில் இருப்பார். மிச்சமிருக்கும் மூலையில், தாழ்வான ஒரு மேஜையில் பையன் லேசரை வைக்கிறான். அந்த மேஜையின் உயரமும் தறியில் இருப்பவரின் கண் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று!

பட்டு நெசவாளிக்குக் கண்தான் மூலதனம். அறுந்த இழையைத் தேடி முடிவதும், ஜரிகை ஓட்டம் பிசகியதைப் பிடிப்பதும் கண்ணால்தான். பொழுதுபோக்கு ஒருவருடையது, போகும் கண் இன்னொருவருடையது என்றால் அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயரா?

எவர்சில்வர் டம்ளர் என்னும் கண்ணாடி

லேசர் வீட்டுக்கு வந்ததும் முதல் கோரிக்கை என்னவாக இருக்கும்? "தம்பி, கல்யாணச் சீருக்குப் பாத்திரத்துல பேரு வெட்டிக் குடுப்பா." பாத்திரக் கடையில் வாங்கியதும் பெயர் வெட்டித் தரும் வழக்கம் இருக்கும் ஊரில் இந்த ஆசை நியாயம்தான். ஆனால் பளபளக்கும் வளைந்த எவர்சில்வர் என்பது லேசருக்கு வளைந்த கண்ணாடி. கதிர் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பித்தளைக் குத்துவிளக்கு, வெள்ளி ஜரிகை எல்லாமே இந்த ஜாதிதான். ஒரு வீட்டில் முதலில் லேசருக்கு அடியில் போகும் பொருளே, திறந்த லேசருக்கு அடியில் போகவே கூடாத பொருள் என்பது எவ்வளவு பெரிய முரண்!

சொல்லப்படும் சமாதானங்கள்

"அதான் கூடவே கண்ணாடி குடுக்கிறாங்களே?" குடுக்கிறார்கள். பச்சையாக ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. அதில் எந்த அலைநீளத்துக்கு, எவ்வளவு தடுக்கும் (ஓ.டி. என்ற எண்) என்று அச்சிட்டிருக்க வேண்டும். 450-க்கு ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். 10 வாட்டில் அது 1 மில்லிவாட். எந்த எண்ணும் இல்லாத கண்ணாடி திருவிழாக் கடைக் கண்ணாடிக்குச் சமம். சரி, நல்ல கண்ணாடியே ஆனாலும் அது போட்டவரை மட்டும்தான் காக்கும். பாட்டிக்கு? தவழும் குழந்தைக்கு? வாசலில் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு?

"அஞ்சு நிமிஷ வேலைதானே?" ஒரு சின்னப் படத்துக்கே அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணியில் டீ குடிக்கப் போவார்கள். தீ பிடிப்பதும் அப்போதுதான்.

"வெளிநாட்டுல எல்லாரும் திறந்து வெச்சுத்தானே ஓட்டறாங்க?" அங்கே தனியாக ஒரு கார் ஷெட் இருக்கிறது, அதற்கு ஒரு கதவு இருக்கிறது. அவர்களிலும் விவரம் தெரிந்தவர்கள் பெட்டி போட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

"பெட்டிக்கு வேற செலவா?" மெஷினுக்குச் செலவழிக்கத் தெரிந்தவருக்குத் தகரத்துக்கும் இரண்டு கீலுக்கும் ஒரு சுவிட்சுக்கும் செலவழிக்கக் கசக்கிறது என்றால், பணம் இல்லை என்று அர்த்தமில்லை. மனசு இல்லை என்று அர்த்தம்.

புகை எங்கே போகும்?

லேசர் செதுக்குவதில்லை, எரிக்கிறது. எரிந்தால் புகை வரும். எம்.டி.எஃப். பலகையின் பசை எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வரும். பட்டு புரத இழை, எரிந்தால் முடி கருகும் நாற்றத்தோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். எல்லாவற்றையும்விட மோசம் பி.வி.சி. அது எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும். "பி.வி.சி. யார் வீட்டில் இருக்கு?" என்கிறீர்களா? ஃபிளெக்ஸ் பேனர், பல வகை ரெக்சின் பை, பர்ஸ், டைரி அட்டை... பாதிக்குப் பாதி அதுதான்.

சந்தேகமாக இருந்தால் பழைய சோதனை ஒன்று உண்டு. மொட்டை மாடியில், காற்றோட்டத்தில், செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அந்தப் பொருளில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும். நெருப்பு பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. அதோடு அந்தப் பொருளுக்கு முழுக்கு.

தறி வீட்டில் இதற்கு ரூபாய்க் கணக்கும் உண்டு. வாரக்கணக்கில் நெய்த சேலையில் புகை வாடை ஏறினால் எந்தக் கடை முகம் சுளிக்காமல் வாங்கும்? ஜன்னல் வழியே ஊதிவிடலாம் என்றால் எதிர் ஜன்னலிலும் ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கிறது. குழாய் வைத்து மாடிக்கு மேலே கொண்டுபோய்த்தான் விட வேண்டும்.

அப்படியானால் எப்படித் தொடங்குவது?

வேண்டாம் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. வரிசையை மாற்றச் சொல்வதுதான்.

முதலில் பெட்டி. தகரமோ பிளைவுட்டோ, உள்ளே பளபளக்காத கறுப்பு. மூடி திறந்தால் லேசர் அணைய ஒரு சுவிட்ச். உள்ளே பார்க்க ஒரு சின்ன வெப் கேமரா போதும். ஜன்னல் வேண்டும் என்றால் 450-க்கென்றே செய்த ஆரஞ்சு நிற அக்ரிலிக் வேண்டும். நிறமற்ற அக்ரிலிக் வழியாக நீலக் கதிர் சர்வ சாதாரணமாக வெளியே வரும். கார்பன் டை ஆக்சைடு லேசரில் கதை தலைகீழ். அதன் 10.6 மைக்ரோமீட்டர் கதிரைச் சாதாரண அக்ரிலிக்கே மறித்துவிடும். (அந்த லேசரை 1964-இல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்த குமார் படேல் என்பது கொசுறுத் தகவல்.) ஆனால் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரமும் தண்ணீர்க் குளிரூட்டலும் உண்டு. எர்த் சரியில்லாத வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, புகைக் குழாயும் விசிறியும். மூன்றாவது, கை எட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான். நாலாவதுதான் மெஷின். லேசர்ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள் தொடங்கப் போதும். முதல் நாள் படம் எதுவும் வேண்டாம். ஒரு பிளைவுட் துண்டில் சின்னச் சின்னச் சதுரங்களாக, ஒரு பக்கம் வேகத்தையும் இன்னொரு பக்கம் சக்தியையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தால் போதும். எந்தப் பொருளுக்கு எது சரி என்று அந்தச் சதுரங்களே சொல்லிவிடும்.

அப்புறம் என்ன செய்யலாம்? சாவிக்கொத்தில் பெயர் எழுதி விற்கும் கூட்டம் ஏற்கெனவே ஊர் முழுக்க இருக்கிறது. காஞ்சிபுரத்தில் அதைவிட உருப்படியான வேலை ஒன்று தறிக்கு மேலேயே தொங்குகிறது. ஜக்கார்டு அட்டை! ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் பிரான்சில் கொடுத்த அதே யோசனைதான். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை, ஓட்டை இருந்தால் ஒரு சேதி, இல்லாவிட்டால் வேறு சேதி. அந்தச் சரத்தில் ஒரே ஒரு அட்டை கிழிந்தால் அது சுற்றி வரும்போதெல்லாம் சேலையில் அதே பிழை விழும். அந்த ஒற்றை அட்டையை அளவு பிசகாமல், அதே தடிமனில் வெட்டித் தருவது சின்ன லேசருக்கு ஏற்ற வேலை. ஓட்டையின் ஓரக் கரியைத் துடைத்துவிட்டு, பழைய அட்டை மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். பொழுதுபோக்குக்குப் பொழுதுபோக்கு, தறிக்கும் உதவி.

வீட்டுக்கு ஒன்று எதற்கு?

கடைசியாக ஒரு கேள்வி. எல்லாரும் ஆளுக்கொரு லேசர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? புனே மாவட்டத்தில் பாபல் என்ற கிராமத்தில் இருக்கும் விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002-லேயே ஃபேப் லேப் வந்துவிட்டது. லேசர் வெட்டும் மெஷின் உள்ளிட்ட கருவிகளை ஊரே பகிர்ந்துகொள்ளும் கூடம் அது. ஒரு கிராமம் இருபது வருஷத்துக்கு முன்னால் செய்ததைப் பட்டுக்கு உலகப்புகழ் பெற்ற நகரம் செய்யக்கூடாதா? காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. 2007-இல் தொடங்கி, காஞ்சிபுரம் என்ற பெயரையே சூட்டிக்கொண்ட மத்திய அரசின் வடிவமைப்பு, உற்பத்திக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. (அது இருக்கும் கண்டிகை 2019-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது என்பது வேறு கதை!) இவர்களில் யாராவது ஒருவர், நெசவாளர் தெருவில் ஒரு அறையில், மூடிய பெட்டியும் மாடி வரை புகைக்குழாயும் சொல்லித்தர ஒரு ஆளுமாக ஒரே ஒரு மெஷின் வைத்தால் போதும். நூறு வீட்டுப் பிள்ளைகள் பத்திரமாகக் கற்றுக்கொள்வார்கள்.

அதுவரை ஆர்டர் போடத் துடிக்கும் விரல்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மெஷினுக்கு முன்னால் தச்சரையோ தகர வேலைக்காரரையோ பார்த்துப் பெட்டிக்கு அளவு கொடுத்துவிட்டு வாருங்கள். பெட்டி தயாராகாவிட்டால் பிள்ளையார் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கட்டும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.