பழைய கைபேசி யாருக்கு?

மனைவியின் கைபேசி பழுதானால் நம் வீடுகளில் நடப்பது என்ன? கணவர் புதியது வாங்கிக்கொண்டு, தம் பழையதை அவரிடம் கொடுத்துவிடுகிறார். வல்லத்தில் ஒரு தம்பதியர் அப்படியே செய்யப் போவதாகக் கூறினர். நான் உடன்படவில்லை.

ஐயா நெல் பயிரிடுகிறவர். உரத்த ஒலியும், நாள் முழுதும் நிற்கும் பேட்டரியும், செஞ்சி கமிட்டியில் விலை விசாரிக்க ஓர் அழைப்பும் அவருக்குப் போதும். அம்மாவோ நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர். 2023 ஜனவரி 1 முதல் அங்கே வருகைப்பதிவு செயலி வழியாகவே நடைபெறுகிறது. இடக்குறியுடன் நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். கேமரா மங்கினாலோ, நினைவகம் நிரம்பினாலோ, வெயிலில் மண் சுமந்த பிறருடைய கூலி அல்லவா சிக்கலாகும்! மகளிர் குழுவின் பணமும் அவர் கையில்தான். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கருவியில் வங்கிச் செயலியை வைப்பது, பூட்டில்லாத பெட்டியில் ஊரார் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே புதியது அம்மாவுக்கே. எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும் என்பதைக் கடையில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் கேமராவைப் பற்றியே பேசுவார், விடாதீர்கள். ஐயாவுக்குப் பழையது போதும், அதில் வங்கிச் செயலி மட்டும் வேண்டாம். அதுவும் ஓய்ந்தால் பட்டன் போன் வாங்கலாம். அதிலிருந்தும் பணம் அனுப்ப 2022 முதல் யுபிஐ 123பே இருக்கிறது. ஜியோ சிம் வைத்திருப்பவராயின் 4ஜி பட்டன் போனாகப் பாருங்கள், மற்றதில் அது வேலை செய்யாது.