எல்லாம் எரிச்சல்தானா?

தமிழில் கவிதை எழுதலாம், மேடையில் முழங்கலாம், சாமி கும்பிடலாம்; மனசுக்குள் நடக்கிற நுணுக்கமான சங்கதிகளைச் சொல்ல மட்டும் அதில் வார்த்தை கிடையாது என்று சொல்லும் கனவான்கள் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். இவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் கோபத்துக்கு இந்தப் பக்கமோ வெறுப்புக்கு அந்தப் பக்கமோ ஒன்று தோன்றிவிட்டால் 'இரிட்டேட்டிங்காக இருக்கிறது' என்பார்கள். ஏன் ஐயா, தமிழில் சொன்னால் என்ன என்று கேட்டால், 'தமிழில் எரிச்சல் என்று ஒரே ஒரு வார்த்தை. இங்கிலீஷைப் பாருங்கள்' என்று ஐந்து விரலையும் மடக்கிக் காட்டுவார்கள்: ஸ்மார்ட், ஸ்டிங், நெட்டில், சேஃப், ரேங்கிள்.

அந்த ஐந்து விரலையும் நானும் மதிக்கிறேன். ஸ்மார்ட் என்பது ஆதியில் புண்ணில் மருந்து பட்டால் சுரீரென்று பிடிக்கிற வலி. அவமானப்பட்டவனுக்கும் அதே வார்த்தை வந்தது. பிறகு அது சுறுசுறுப்பாகி, கெட்டிக்காரத்தனமாகி, மிடுக்கான உடுப்பாகி, இன்று சட்டைப் பையில் கிடக்கும் டெலிபோனுக்கு அடைமொழியாக வந்து நிற்கிறது. நெட்டில் ஒரு செடி. இலை பட்டால் தோல் தடித்துப் போகும். நம் ஊர்ச் செந்தட்டிக்கு அது உறவில்லை, குணம் ஒன்று. சீண்டப்பட்டவனை அந்தச் செடியின் பேரால் சொன்னான் வெள்ளைக்காரன். ஸ்டிங், தேளும் தேனீயும் கொட்டுவது. சேஃப், உராய்ந்து தோல் வழன்று போவது. ரேங்கிள், உள்ளே சீழ் வைத்த புண். அதன் பூர்வீகத்தைத் தோண்டினால் குட்டிப் பாம்பு என்று பொருள்படும் லத்தீன் வார்த்தையில் போய் முட்டும். ஆக, ஐந்தும் முதலில் தோலில் பிறந்து பிறகு நெஞ்சுக்குக் குடிபோனவை. இந்த வித்தை இங்கிலீஷுக்கு மட்டும் தெரியும் என்று நினைப்பதுதான் அறியாமை.

பிசானம் அறுவடைக் காலத்தில் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன ஊர் எதற்காவது போய், களத்துமேட்டில் வேலை பார்த்த ஒரு பெண்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். இப்போது அறுப்பு இயந்திரம் வந்துவிட்டது. கொஞ்சம் வயசானவளாகப் பார்த்துக் கேட்க வேண்டும். நெல்லிலும் வைக்கோலிலும் கண்ணுக்குத் தெரியாத பூமுள் உண்டு. அதற்குச் சுணை என்று பெயர். சுணை பட்டால் உடம்பு முழுக்க நமநமவென்று இருக்கும். வாய்க்காலில் முங்கிக் குளித்தால்தான் போகும். அதே பெண்பிள்ளை, எத்தனை ஏசினாலும் ரோசம் வராத புருஷனைச் சுணைகெட்ட மனுஷன் என்பாள். பயிரின் முள்ளும் மனுஷனின் மானமும் ஒரே சொல்! குத்துகிற முள்ளுக்கும் குத்தினால் உணர்கிற குணத்துக்கும் சேர்த்து ஒரு பேர் வைத்திருக்கிறோம். அந்த ஐந்து விரலில் இதற்கு ஈடு எது? (சூடு சொரணை என்பது வடமொழி ஸ்மரணையிலிருந்து வந்தது என்பார்கள். அது வேறு ஆள். சுணைகெட்டவன் நம் வயலில் முளைத்தவன்.)

இன்னும் கேளுங்கள். சொறியச் சொல்வது அரிப்பு. எறும்பு நடப்பதுபோல் இருந்தால் ஊறல். ஊசி ஏறினால் சுருக். சுருக்கென்று ஒரு சொல்லும் தைக்கும். கண்ணில் மண் விழுந்தால் உறுத்தல்; செய்த பாவமும் உறுத்தும். காதுக்குள் பூச்சி போனால் குறுகுறுப்பு. திருடின நெஞ்சும் குறுகுறுக்கும். புகையில் கண் கரிக்கும். மருமகளை மாமியார் கரித்துக் கொட்டுவாள். உள்ளங்காலைத் தொட்டால் கூச்சம். புளி தின்றால் பல் கூசும். புதுப் பெண்ணுக்கும் கூச்சம். மிளகாய் உறைக்கும், புத்தி சொன்னால் சிலருக்கு உறைக்காது. தேள் கொட்டினால் கடுப்பு. இந்தக் கடுப்பை இன்றைய பையன்கள் 'கடுப்பேத்தாதே' என்று எடுத்து ஆளும்போது பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நான் அந்தப் பையன்கள் கட்சி.

மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளின கை காந்தும். சித்திரை வெயிலும் காந்தும். 1997இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்து, மிளகாயின் காரத்தையும் சுமார் 43 டிகிரி செல்ஷியஸுக்கு மேற்பட்ட சூட்டையும் நரம்பில் உள்ள ஒரே வாயில்தான் உள்ளே விடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் பெண்களுக்கு ரசாயனம் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது தெரிந்திருந்தது.

இதெல்லாம் வார்த்தை விளையாட்டு, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். எங்கள் அத்தைக்கு நஷ்டம். எழுபது தாண்டியவள். ஒரு நாள் இடது விலாவில் ஏதோ செய்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் நம் ஊர்ப் பிள்ளை, நல்லவர், வாசலில் அறுபது பேர் காத்திருந்தார்கள்.

"என்ன ஆச்சி, எரிச்சலா இருக்கா?"

"எரிச்சல் இல்லைய்யா, காந்துது. சீலை பட்டாலே சுரீர்ங்கு. சொறியத் தோணலை."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அவர் மனசில் எரிச்சல் என்றால் இரிட்டேஷன். இரிட்டேஷன் என்றால் ஏதோ ஒவ்வாமை. அரிப்புக்கு மாத்திரையும் ஒரு களிம்பும் கொடுத்தார். நாலாம் நாள் விலாவைச் சுற்றிக் கச்சை கட்டினதுபோல் கொப்புளம். அக்கி. முன்காலத்தில் வேளார் வீட்டில் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வார்கள். இன்று அதற்கு வைரஸ் மருந்து இருக்கிறது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது என்கிறார்கள். அரிப்பு மாத்திரை கேட்கும் என்று நம்பி நாங்கள் இன்னும் நாலு நாள் வீட்டில் இருந்துவிட்டோம்.

கொப்புளம் வருமுன் அக்கியைக் கண்டுகொள்வது லேசில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே பக்கத்தில் காந்தல், துணி பட்டால் சுரீர், அரிப்பு இல்லை என்று அந்தக் கிழவி மூன்று அடையாளம் சொன்னாள். மூன்றும் 'எரிச்சல்' என்ற ஒரே குழியில் விழுந்து மறைந்தன. அவளிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. கேட்டவர் காதில்தான் பஞ்சம்.

இங்கிலீஷ் டாக்டர்கள் இப்படி இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்ஸாக், வலியைச் சொல்லும் 78 வார்த்தைகளை 20 கூட்டமாகப் பிரித்து 1975இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். சூடும் எரிவும் ஒரு கூட்டம். அரிப்பும் ஸ்மார்ட்டும் ஸ்டிங்கும் வேறு கூட்டம். பயத்தையும் வாதையையும் சொல்லும் வார்த்தைகளுக்கும் அதில் இடம் உண்டு. நோயாளி எந்த வார்த்தையைத் தொடுகிறான் என்பதே அங்கே வைத்தியனுக்குத் துப்பு. உணர்ச்சிக்கு மெய்ப்பாடு என்று, உடம்பில் தெரிவது என்று பேர் வைத்து, அதற்குத் தொல்காப்பியத்தில் ஓர் இயலே ஒதுக்கிய பாஷை நம்முடையது. நாம் எரிச்சலோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எதிர்க்கட்சிப் பண்டிதர்களையும் விடுவதற்கில்லை. தமிழில் எல்லாம் இருக்கிறது என்று மார்தட்டுவார்கள். ஒரு கலைச்சொல் வேண்டுமென்றால் அறையைச் சாத்திக்கொண்டு, எந்த வாயிலும் நுழையாத ஒன்றைச் செய்துகொண்டு வெளியே வருவார்கள். காந்தலும் ஊறலும் கொச்சையாம். 1926 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகனின் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை எங்கள் சீமைக்காரர்தான். பேச்சு வழக்குச் சொல் என்பதற்காக ஒன்றை அந்த அகராதி ஒதுக்கித் தள்ளவில்லை. அவருக்கு இல்லாத தீட்டு இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

அத்தைக்குக் கொப்புளம் ஆறிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. அக்கி வந்த வயசாளிகள் சிலருக்கு மாதக்கணக்கில் நிற்குமாம். போன வாரம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். பஸ்ஸில் சீட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னல எழுதியிருக்காரு?" என்றாள். எரிச்சல் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன்.

"ஏல, நான் எப்ப எரிச்சல்னு சொன்னேன்?" என்றாள்.