இருபது போர்ட் என்பதன் பொருள் என்ன?

பல்கலைக்கழகக் கணினி மையங்கள் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களை மொழியியல் மாணவர்கள் படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்பதே என் கருத்து. களப்பணியில் நாம் திரட்டும் ஒலிப்பதிவுகளும் தரவகங்களும் இறுதியில் அம்மையங்களின் சேமிப்பகங்களில்தான் தங்குகின்றன. அவற்றை எட்டும் வழி திறந்திருக்குமா என்பது, அந்த ஆவணத்திலுள்ள ஒரு பெயர்ச்சொல்லின் பொருளைச் சார்ந்திருக்கலாம்.

ஐபிஎம் நிறுவனத்தின் பிளேடுசென்டர் எச் என்னும் சாதனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே பெட்டிக்குள் 14 பிளேடு சர்வர்களைச் செருகலாம்; மின்சாரமும் குளிர்விப்பும் அவற்றுக்குப் பொது. சர்வர்களைச் சேமிப்பகத்தோடு இணைப்பது, பெட்டியின் பின்புறம் செருகப்படும் ஃபைபர் சேனல் ஸ்விட்ச் மாட்யூல். இப்பெட்டிக்கெனப் புரோகேட் நிறுவனம் தயாரித்த மாட்யூலில் 20 போர்ட்கள் இருந்தன: சர்வர்களை நோக்கி 14, வெளியே 6. அதே மாட்யூல் '10 போர்ட்' என்ற பெயரிலும் விற்கப்பட்டது. எஞ்சிய 10 போர்ட்கள் கருவியில் இருந்தும் முடக்கப்பட்டிருந்தன. உரிமச் சாவியை விலைக்கு வாங்கி உள்ளிட்டால்தான் அவை இயங்கும்.

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். குறைந்த செலவில் தொடங்கித் தேவைக்கேற்ப விரிவாக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. சிக்கல் பொருண்மையியல் சார்ந்தது. விற்பவருக்குப் 'போர்ட்' என்பது பயன்படுத்தும் உரிமை; வாங்குபவருக்கு அது கண்ணில் தெரியும் துளை. பெட்டி முழுவதும் சர்வர்கள் நிரம்பினால், வெளியே செல்லும் ஓர் இணைப்பையும் சேர்த்துக் குறைந்தது 15 போர்ட்கள் இயங்க வேண்டும். ஒரு வழி பழுதானால் மறுவழி வேண்டும் என்பதற்காக இரண்டு மாட்யூல்கள் வைப்பது வழக்கம். ஆகவே உரிமமும் இரண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் காலம். இவ்வுரிமம் குறிப்பிட்ட ஒரு ஸ்விட்சின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டது. மாட்யூல் பழுதாகி வேறொன்று பொருத்தினால் பழைய சாவி அதில் செல்லாது. உரிமத்தை மாற்றித் தருமாறு நிறுவனத்தை நாட வேண்டும். எந்த நிறுவனத்தை? ஐபிஎம்மின் எக்ஸ்86 சர்வர் வணிகம் 2014இல் லெனோவோவிடம் சென்றது. புரோகேட் 2017இல் பிராட்காம் வசமானது. நம் கல்வி நிறுவனங்களோ ஒரு கருவியை அதன் ஆதரவுக்காலம் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் ஓட்டுபவை.

ஆகவே ஒப்பந்தப்புள்ளியில் மூன்று வரிகள் கட்டாயமாக இடம்பெற வேண்டும். கருவியிலுள்ள போர்ட்களின் எண்ணிக்கை வேறு, உரிமத்துடன் இயங்கும் போர்ட்களின் எண்ணிக்கை வேறு என்று தனித்தனியே குறிக்க வேண்டும். எஞ்சியவற்றைத் திறப்பதற்கான விலையை முதல் நாளிலேயே எழுத்தில் பெற வேண்டும். கருவி மாறினாலும் நிறுவனம் கைமாறினாலும் உரிமம் தொடரும் என்ற உறுதிமொழி வேண்டும்.

கொள்முதல் குழுவில் பொறியாளரும் கணக்கரும் இருக்கிறார்கள். சொற்களின் பொருளைக் கேட்டு உறுதிசெய்யும் ஒருவரும் அங்கே இருக்கட்டும். அந்தச் சேமிப்பகத்தில் இருப்பது நம் தரவு.