கோடீஸ்வரனுக்கு ஒரு வாசல், உழைப்பாளிக்கு ஒரு வாசல்

தங்கமும் வெள்ளியும் இன்று செல்போனிலேயே விலைக்குக் கிடைக்கின்றன. போனஸ் பணத்தையும் அறுவடைக் கூலியில் மிச்சம் பிடித்ததையும் 'இ.டி.எஃப்.' நிதிகளில் போடுங்கள் என்று விளம்பரங்கள் அழைக்கின்றன. நிதிக் கம்பெனி உலோகத்தை வாங்கி வைத்து, அதைச் சிறு யூனிட்டுகளாக்கிப் பங்கு மார்க்கெட்டில் விடுகிறது. நம் நாட்டில் தங்கத்துக்கு 2007-லும் வெள்ளிக்கு 2022-லும் இந்த வியாபாரம் தொடங்கியது.

வாங்குவது சுலபம், விற்கும்போதுதான் விஷயம் விளங்கும். வியாபாரம் மந்தமான நிதியில் வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடையே பெரும் பள்ளம் விழுகிறது. ஒரு யூனிட்டில் 100 ரூபாய் வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கப் போனால் 103 கேட்கிறார்கள். விற்கப் போனால் 97 தருகிறார்கள். 50 யூனிட் வாங்கி அன்றே விற்கும் தொழிலாளிக்கு 300 ரூபாய் நஷ்டம். வெள்ளி விலையோ ஒரு காசுகூட இறங்கவில்லை!

கம்பெனியிடமே நேரில் கொடுத்து 100 ரூபாயைப் பெறலாகாதா? பெறலாம், 25 கோடி ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால்! பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் 'செபி' 2022 மே மாதத்தில் வகுத்த விதி இது. மார்க்கெட்டில் இடைநின்று விலை கூறும் பெரும் வியாபாரிக்கு அந்த வரம்பும் கிடையாது. நம்மிடம் 97-க்கு வாங்கியதைச் சேர்த்து மொத்தமாகக் கொடுத்து, கம்பெனியிடம் 100 பெற அவனுக்கு வழியுண்டு.

சிறியவனுக்கும் வாசல் திறக்கும் என்கிறது விதி. எப்போது? தொடர்ந்து 7 வர்த்தக நாள் விலை, உள்ள மதிப்பைவிட 1 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்து கிடக்க வேண்டும். அல்லது 3 நாள் விலை கூறுவோரே இல்லாதிருக்க வேண்டும். இப்படிச் சில நிபந்தனைகள். பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்றே பணம் வேண்டியவன் ஏழு நாள் காத்திருப்பானா?

மார்க்கெட்டில் வியாபாரம் பெருகவே இந்த விதி என்று வாதிக்கிறார்கள். பெருகும்வரை நஷ்டத்தைச் சுமப்பது யார்? சிறு சேமிப்புக்காரர்கள்தானே!

கோடிகளுக்கு உள்ள உரிமை நூறு ரூபாய்க்கும் வேண்டும் என்று கோருகிறோம். மந்தமான நிதிகளில் சிறு சேமிப்புக்காரர்களுக்கு உள்ள மதிப்பைத் தரும் வாசல் நிபந்தனையின்றித் திறக்கப்பட வேண்டும்.

அதுவரை தோழர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தினமும் எத்தனை யூனிட் கைமாறுகிறது என்று பாராமல் வாங்காதீர்கள். கம்பெனி வெளியிடும் மதிப்போடு விலையை ஒப்பிடுங்கள். 'மார்க்கெட் விலைக்கு' என்று விட்டுவிடாமல் உங்கள் விலையைக் குறித்து விற்பனைக்கு வையுங்கள். சங்கங்கள் இதை வாயிற்கூட்டங்களில் விளக்க வேண்டும். வியர்வை சிந்திச் சேர்த்த காசு இடைத்தரகனின் பள்ளத்தில் விழ நாம் அனுமதிக்கலாகாது!