கொல்லைக்கு வரும் கீச்சான்

நம் பள்ளிகளில் ‘பறவைகள்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர் ஏட்டில் முதலில் ஆடுவது மயில். அடுத்து வருவது பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம். இரண்டையும் அவர்கள் தம் வீட்டருகே கண்டதில்லை. கண்டதை விடுத்துக் கேட்டதை எழுதப் பழக்குவதை மொழிக்கல்வி என்று எவ்வாறு அழைப்பது?

சுங்கை வேயில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம் உண்டு. 1972இல் தோன்றிய தடையற்ற வாணிக வட்டாரத்தின் ஆலைகளும் கூட்டரசு நெடுஞ்சாலையின் இரைச்சலும் தொலைவில் இல்லை. ஆயினும், ஆண்டுதோறும் செப்டம்பர் பிறந்தபின் ஒரு நாள் விடியலில், அம்மரத்திலிருந்து கரகரத்த குரலொன்று கேட்கும். பழுப்பு முதுகும், கண்ணையொட்டிக் கறுப்புப் பட்டையும், கொக்கி போன்ற அலகும் உடைய கீச்சான் அது. சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் வடசீனாவிலும் குஞ்சு பொரித்து, பனிக்கு அஞ்சித் தெற்கே வருவது, வெட்டுக்கிளியைப் பிடித்துண்பது, ஏப்ரல் வாக்கில் வடக்கே திரும்புவது. குளிர்காலம் அறியாத நமக்குக் குளிர்காலம் வருவது இதன் சிறகில்தான்.

இதனை மாணவர் சிலர்க்குக் காட்டிப் பெயர் கேட்டேன். “குருவி” என்றனர். மலாய்க்காரர் ‘திர்ஜுப்’ எனத் தனிப்பெயரிட்டழைக்கும் பறவை நம் பிள்ளைகளுக்கு வெறும் குருவி! கீச்சான் என்னும் நல்ல தமிழ்ச்சொல்லைக் கைநழுவ விட்டவர் யார்? நாமே.

“தமிழ்ப்பள்ளிகளுக்கே ஆயிரம் இடர்கள், இதில் பறவை பார்ப்பது வசதியுள்ளோர் பொழுதுபோக்கு” என்பர் சிலர். கொல்லையில் நின்று பார்க்கக் காசு எதற்கு? கண்ணெதிரே நிற்கும் உயிருக்குச் சொல் இல்லாதவன், நாளடைவில் அச்சொல் இருக்கும் வேற்றுமொழிக்கே குடிபெயர்வான். பள்ளியைக் காக்க முனைவோர் இதனையும் எண்ண வேண்டும்.

1890களில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்கென இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது வீட்டுக் காகம். அக்காலத் தோட்டங்களில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவர் நம் முன்னோர். காப்பி மறைந்தது, காகம் இம்மண்ணில் கூடு கட்டிக் கொண்டது. நம் கட்டுரைகள் மட்டும் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே! வரும் செப்டம்பரில் மாணவரைப் பள்ளி வேலியோரம் நிறுத்துங்கள். கண்டதை, நாளும் பொழுதும் குறித்து, எழுதச் செய்யுங்கள். பெயர் இருப்பின் சொல்லிக் கொடுங்கள். இல்லையேல் அவர்களையே படைக்கச் சொல்லுங்கள். நடை தளர்ந்திருக்கலாம், அணிநயம் குறைந்திருக்கலாம். ஆயினும் அப்பறவை அவர்கள் கண்ட பறவை. அக்கட்டுரை அவர்கள் எழுதிய கட்டுரை.